அம்மியில் விழுந்த குழியிலிருந்து ஒரு சிற்பம்: வீட்டுப் பொருட்களைச் சுடுமண்ணில் வடிக்க முழுமையான வழிகாட்டி

ஆச்சியின் அம்மி, தாத்தாவின் பாக்குவெட்டி, அம்மா சீராகக் கொண்டுவந்த சொம்பு என்று எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துச் சிற்பம் செய்ய ஆசைப்பட்டு என்னிடம் வருபவர்களில் பலர், முதல் நாளே மண்ணில் கைவைத்து அந்தப் பொருளைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்யத் தொடங்குகிறார்கள். இரண்டாம் வாரம் சலிப்பு வந்துவிடுகிறது. அசல் சொம்பு பக்கத்திலேயே இருக்கும்போது அதே மாதிரி இன்னொரு சொம்பு எதற்கு என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

நான் சொல்லித்தருவது வேறு வரிசை. பொருள் புழங்கிப் புழங்கி எங்கே தேய்ந்ததோ, அந்த இடத்தை மட்டும் எடுத்துச் சிற்பமாக்குவது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டு அம்மியை வைத்து நான் செய்ததையே இங்கே உதாரணமாகக் கொள்கிறேன். முதல் பேச்சிலிருந்து சூளை திறப்பதுவரை ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். குயவர் சக்கரம் வேண்டாம், முன்பயிற்சியும் வேண்டாம்.

1. முதலில் பேச்சு, பிறகுதான் மண்

பெரியவர்களிடம் "இந்த அம்மியைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "என்னத்தச் சொல்ல, எல்லாரு வீட்லயும் கெடந்ததுதான்" என்று முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்து, "எப்படி அரைப்பீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். நினைவு வாயில் வருவதற்கு முன்னால் கைக்கு வந்துவிடும்.

எங்கள் பெரியம்மாவிடம் குழவியைக் கொடுத்தேன். உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, உடம்பை முன்னே தள்ளி இழுத்தார். குழவி கல்லின் நடுவில் போகவில்லை. வலப்பக்கம் ஒதுங்கியே போய்வந்தது. குனிந்து பார்த்தால் அம்மியின் குழியும் வலப்பக்கம் ஒதுங்கித்தான் இருந்தது. ஆச்சிக்கு இடது தோளில் வலி, ஒரு பக்கமாகச் சாய்ந்தே அரைப்பாள் என்று அப்போதுதான் சொன்னார். நான் குழி, குழி என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. "அது குழியில்லளா. ஒங்க தாத்தாவுக்குத் தெனம் அரைச்ச தொவையலு."

சிற்பம் அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. மண்ணை முதலில் எடுத்திருந்தால் குழியை நடுவில் வைத்திருப்பேன்.

செல்பேசியில் படம் எடுக்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுங்கள். முகம் படமாகிறது என்று தெரிந்தால் பெரியவர்கள் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பொருள் யாருடைய பங்கில் இருக்கிறதோ அவரிடம் அனுமதியும் இப்போதே கேட்டுவிட வேண்டும். பூசையில் இருப்பவற்றை, தாலியை, குத்துவிளக்கை அச்செடுக்க நான் ஒப்புவதில்லை. அவற்றைப் பார்த்து வரையலாம், அது போதும்.

2. ஒரே பொருள், அதில் ஒரே தேய்மானம்

கண்ணை மூடிக்கொண்டு பொருளைத் தடவுங்கள். விரல் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று இருக்கும். பாக்குவெட்டியின் பிடியில் கட்டைவிரல் உட்காரும் வழவழப்பு, கிணற்றடியில் விழுந்து நசுங்கிய குடத்தின் வயிறு, அரிவாள்மனைப் பலகையில் கால் வைத்து வைத்து மழுங்கிய ஓரம், தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்துபோன பெயர் வெட்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். பாட்டி என்றதும் அம்மி, உரல், வெற்றிலைப் பெட்டி, விசிறி, மூக்குக்கண்ணாடி என ஐந்தையும் ஒரே பலகையில் ஒட்ட நினைப்பார்கள். அப்படிச் செய்தால் அது பொருட்காட்சி மேசை மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒன்றே இருந்தால் நின்று பார்ப்பார்.

முதல் முயற்சிக்குக் கெட்டியான, ஆழம் குறைந்த, மேல்பக்கம் அகன்ற பொருளே நல்லது. அம்மி, திருகைக்கல் எல்லாம் சரி. சொம்பும் கூஜாவும் இரண்டாம் முயற்சிக்கு. மரப்பாச்சி, மூங்கில் முறம், ஓலைப்பெட்டி இவற்றின்மேல் ஈர மண்ணோ பிளாஸ்டரோ படக்கூடாது: மரம் ஈரத்தை இழுத்து உப்பும், சாயம் இறங்கும், மூங்கில் இடுக்கில் போன பிளாஸ்டர் திரும்ப வராது.

3. சுத்தம் செய்யாமல் பதிவு செய்யுங்கள்

அச்செடுக்கப் போகிறோம் என்றதும் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவருவார்கள். அம்மியைப் புதிதாகக் கொத்தியே கொண்டுவந்தவரும் உண்டு. கொத்திய பிறகு பழைய வழவழப்பு எங்கே கிடைக்கும்? அறுபது வருடக் கை ஒரு மதியத்தில் போய்விட்டது. மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறகு நீளம், அகலம், குழியின் ஆழம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஆழத்தை அளக்கக் குழியின் குறுக்கே ஒரு நேர்க்குச்சியை வைத்து, அதிலிருந்து கீழே அளவுகோலை இறக்கினால் போதும். எங்கள் அம்மியில் அது 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு படமும் எடுத்துவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்மானம் படத்தில் தெரியாது.

பெயர் வெட்டிய பாத்திரமாக இருந்தால் மெல்லிய தாளை மேலே பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எழுத்தைப் படியெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளியெல்லாம் தாளில் எழும்பி வரும்.

4. வேண்டிய சாமான்கள்

சலித்த குயமண் 10 கிலோ. ரவைப் பருமனில் சலித்த செங்கல் தூள் அல்லது ஓட்டுத் தூள் 2.5 கிலோ. அரை அங்குல மரச்சட்டம் இரண்டு, தேய்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அறுக்க மெல்லிய கம்பி, ஒரு பழைய முள்கரண்டி, பாலித்தீன் தாள், சலித்த அடுப்புச் சாம்பல். சொம்பு போன்ற உருண்டைப் பொருளுக்கு இரண்டு பாக அச்சு எடுப்பதாக இருந்தால் மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 5 கிலோ, சோப்பு, முகக்கவசம்.

பிளாஸ்டர் வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் குடித்த பழைய சரக்கில் கட்டி கட்டியாக இருக்கும், அது இறுகாது.

மண்ணை உங்கள் ஊர்க் குயவரிடமே வாங்குங்கள். அவருடைய சூளையில்தான் சுடப்போகிறீர்கள். எந்த மண் எந்தச் சூட்டைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த உறவை இப்போதே தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு, தைக்கு முன்னால் பொங்கல் பானை என்று அவர் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார். ஐப்பசி மழையில் மண்ணும் காயாது. மாசியில் தொடங்கி ஆனிக்குள் சுட்டு முடிப்பதுபோல் திட்டமிடுங்கள்.

5. மண்ணைப் பதப்படுத்துவதும் சோதனைப் பட்டையும்

மண்ணை ஊறவைத்துச் சலித்து, நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு செங்கல் தூள் என்று சேர்த்துப் பிசையுங்கள். தூள் ஏற்கெனவே சுட்டது, இனிச் சுருங்காது. அதனால் மொத்தச் சுருக்கம் குறையும், ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். மண்ணில் வெள்ளையாகச் சுக்கான் கல் தட்டுப்பட்டால் ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். சூளையில் அது சுண்ணாம்பாகும். வெளியே வந்தபின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பி, நல்லபடியாகச் சுட்ட சிற்பத்திலிருந்து சில நாள் கழித்து ஒரு சில்லைத் தெறிக்க வைக்கும்.

பிசைந்த மண்ணைக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். அறுத்த முகம் வெண்ணெய் அறுத்ததுபோல இருந்தால் பதம் சரி.

இப்போது யாருக்கும் பொறுமை இல்லாத வேலை. 14 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை செய்து, அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். காயவைத்துச் சுட்டபின் கோட்டை அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். பொதுவாக 8 முதல் 12 விழுக்காடு வரும். 40 செ.மீ. அம்மி 36 செ.மீ. ஆகிவிடும் என்று பொருள். இது தெரியாமல் செய்தவர், சுட்ட சொம்புக்கு அசல் மூடியைப் போட்டுப் பார்த்து அது பெரிதாகிப் பொருந்தாமல் போனபோது மிகவும் வருந்தினார்.

சுருக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். சிறுவயதில் பெரிதாகத் தெரிந்த அம்மி, வளர்ந்து ஊருக்குப் போனபோது சிறிதாகத் தெரிந்தது எனக்கு உண்மையிலேயே நடந்ததுதான். அளவு மாறவே கூடாது என்றால் சுடுமண் உங்களுக்கு ஏற்றதல்ல. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்று கலந்து அச்சில் வாருங்கள், ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடிவையுங்கள். ஆனால் அதில் கையின் சூடு தெரியாது.

6. அம்மியே அச்சு

அம்மி தரையில் ஆடாமல் இருக்கட்டும். குழிமேல் சாம்பலைத் துணியில் முடிந்து தட்டித் தூவுங்கள். சாம்பல் இல்லாவிட்டால் அரிசி மாவு. எண்ணெய் வேண்டாம்: கல்லில் ஊறிவிடும், பிறகு அந்த அம்மியில் அரைக்க முடியாது.

இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணை வைத்துக் குழாயால் தேய்த்தால் ஒரே கனத்தில் பலகை கிடைக்கும். அரை அங்குலக் கனம் போதும். கனம் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் ஒரு மாதிரி இருந்தால் காயும் வேகமும் மாறும், எல்லையில் விரிசல் விழும். பலகையைத் துணியோடு தூக்கி அம்மிமேல் கவிழ்த்துத் துணியை உரியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்படி, விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு, குழியின் அடிமட்டம் பதியாமலே போகும்.

பிற்பாடு எடுத்துப் பார்க்கும்போது குழி இருந்த இடத்தில் ஒரு மேடு இருக்கும். கல்லிலிருந்து ஆச்சி அரைத்து எடுத்தது எவ்வளவோ அவ்வளவு மேடு. அதைப் பார்த்ததும் சிலர் பதறி, "தலைகீழாக வந்துவிட்டது, திருப்பி எடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். திருப்பினால் மீண்டும் ஓர் அம்மி கிடைக்கும், அவ்வளவே. காணாமல் போனதற்கு உருவம் கொடுக்கும் வழி இது. ரேச்சல் வைட்ரீட் என்ற ஆங்கிலேயச் சிற்பி 1993இல் லண்டனில் ஒரு பழைய வீட்டின் உட்சுவர்மேல் கான்கிரீட் ஏற்றி, பிறகு வீட்டைப் பெயர்த்தெடுத்து, உள்ளே மனிதர்கள் புழங்கிய வெற்றிடத்தை மட்டும் நிற்க வைத்தார். நாம் அதையே ஒரு சாண் கல்லில் செய்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. குழிக்குள் இருக்கும் மண் சுருங்கும்போது கல்லைவிட்டுத் தானாக விலகும். குழவி போன்ற உருண்டையின்மேல் சுற்றிய மண் சுருங்கும்போது இறுகிப் பிளக்கும். குழவியில் எடுப்பதானால் இரண்டு பாதியாக, மண் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

7. பின்பக்கத்திலேயே சுவர் எழுப்புங்கள்

மண் இன்னும் அம்மியில் கிடக்கும்போதே அடுத்த வேலை. அரை நாள் விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும்; செருப்புத் தோல் மாதிரி. அந்தத் தோல்பதத்தில் நான்கு ஓரமும் 7 செ.மீ. உயரச் சுவர் வைத்து, உள்ளே குறுக்காக இரண்டு தாங்கு பட்டைகளும் வையுங்கள்.

ஒட்டும் இரண்டு முகத்தையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த கூழைத் தடவி அழுத்த வேண்டும். தண்ணீர் மட்டும் தொட்டு ஒட்டினால் அன்றைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், காயும்போது கோடுபோட்டதுபோல் பிரியும். சுவரும் அடியும் ஒரே பதத்தில் இருப்பது கூழைவிட முக்கியம். அதனால் சுவருக்கான பட்டைகளை முதல் நாளே வெட்டி, பலகையோடு சேர்த்துப் பாலித்தீனால் மூடி வையுங்கள்.

சுவரை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் பலகையைத் தூக்கித் திருப்பினால் மேடு தன் எடையிலேயே அமுங்கிவிடும். சுவர் வந்துவிட்டால் அதுவே கைப்பிடி, அதுவே பிற்பாடு கால். மறுநாள் காலை இரண்டு பேராக, நான்கு கையாலும் சுவரைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் முதலில் தூக்கினால் எதிர்ப்பக்க ஓரம் சிதையும். திருப்பி வைத்தால் மேடு மேலே, அடி திறந்திருக்கும்.

8. சொம்பு போன்ற உருண்டைப் பொருட்களுக்கு

இதைப் படித்துவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் தயவுசெய்து ஒருமுறை அம்மியையோ திருகைக்கல்லையோ செய்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டர் மன்னிக்காது. கழுத்து ஒடுங்கிய பொருளை ஒரே அச்சில் புதைத்தால், அச்சை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும். சில சமயம் பொருள் முதலில் நெளியும்.

சொம்பின் வாயைத் துணியும் மண்ணும் வைத்து அடைத்து, மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிற்றின் அகன்ற கோடுவரை களிமண்ணில் புதையுங்கள். கோடு அரை செ.மீ. தவறினாலும் அச்சு பூட்டிக்கொள்ளும். களிமண் முகத்தில் நாணயத்தை வைத்து மூன்று குழிகள் செய்யுங்கள், இரண்டு பாதியும் பிற்பாடு ஒன்றோடொன்று பொருந்த அவைதான் அடையாளம். சுற்றிப் பலகை வைத்து அடைத்து, இடுக்குகளில் மண் பூசுங்கள்.

பிளாஸ்டர் கலக்கும்போது தண்ணீரில் மாவைப் போட வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது. 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. கையால் கோலப்பொடிபோலத் தூவிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் நீருக்கு மேலே சிறு சிறு திட்டுகள் நனையாமல் நிற்கும். நிறுத்துங்கள். கலக்காமல் இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். உடனே கலக்கினால் கட்டி தட்டும். பிறகு கையை அடிவரை விட்டு, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கி, தோசை மாவுப் பதத்தில் ஓர் ஓரமாக ஊற்றுங்கள். இறுகத் தொடங்கியபின் தண்ணீர் சேர்த்து இளக்கப் பார்க்காதீர்கள், அது வீண்.

அரை மணிக்குள் அது சூடாகி ஆறும். ஆறியபின் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, வெளிப்பட்ட பிளாஸ்டர் முகத்தில் சோப்புக் கரைசலை மூன்று முறை பூசித் துடையுங்கள். இந்தச் சோப்பை மறந்தால் இரண்டாம் பாதி முதல் பாதியோடு ஒன்றாகிவிடும். நடுவில் குடும்பச் சொம்பு இருக்கும். வகுப்பில் இந்தப் படி வரும்போது எல்லாருடைய கையையும் நிறுத்தி நான் ஒவ்வொருவராகப் பார்த்த பிறகே ஊற்றவிடுகிறேன்.

கையை இறுகும் பிளாஸ்டரில் ஒருபோதும் விடாதீர்கள். பாட்டியின் கையை அச்செடுக்க ஆசைப்பட்டு அப்படிச் செய்பவர்கள் உண்டு. கனமாக ஊற்றிய பிளாஸ்டர் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், கையை உருவவும் முடியாது. கைக்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் இருக்கிறது. சில நிமிடங்களில் இறுகும், சூடாகாது. அது காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால், கையை எடுத்த உடனே உள்ளே பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும்.

மிச்சப் பிளாஸ்டரைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும். அச்சை ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சினால் வலுவிழந்து பொடியும்.

காய்ந்த அச்சின் இரண்டு பாதியிலும் மண்ணை ஒரு செ.மீ. கனத்துக்குப் பதித்து, ஓரங்களைக் கீறிக் கூழ் தடவி, அச்சைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி, சில மணி நேரத்தில் மண்ணை விட்டுவிடும். உள்ளே மூடிய வெற்றிடம் இருந்தால் அடியில் ஒரு துளை போட வேண்டும்.

வெண்கலத்தில் வேண்டும் என்பவர்கள் இதே அச்சில் மண்ணுக்குப் பதிலாக மெழுகைப் பதித்து எடுத்து, சுவாமிமலை போன்ற இடத்தில் மெழுகு வார்ப்புச் செய்யும் ஸ்தபதியிடம் கொடுக்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்த மெழுகை அவர்களே தருவார்கள்.

9. பெயர் வெட்டு

பாத்திரத்தில் வெட்டிய பெயர்மேல் மண்ணை அழுத்தினால் எழுத்து புடைத்து வரும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வரும். பலர் இதைச் சுட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். நேராக வேண்டுமென்றால் முதல் பதிவைச் சிறு முத்திரையாகச் சுட்டுக்கொண்டு, அந்த முத்திரையைச் சிற்பத்தின் மண்ணில் அழுத்துங்கள். பாதி அழிந்த எழுத்தை ஊசியால் தோண்டித் திருத்த வேண்டாம். தேய்த்தவரின் கையும் அந்தப் பெயரில் இருக்கிறது.

10. சுடும் முன்னால் வீட்டாரிடம் காட்டுங்கள்

முதல் முறை இந்தப் படியை நான் விட்டுவிட்டேன். சுட்டு, தேன்மெழுகு தேய்த்து, பெரியம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை முன்னும் பின்னும் தடவினார். "எல்லாம் சரிதான். ஆனா ஓரமெல்லாம் இப்படியா வழுவழுன்னு இருக்கும்? நடுவுலதான் வழுக்கும். ஓரத்துல கொத்துன புள்ளி அப்படியே நிக்கும்லா." ஒட்டிய தடத்தை மறைப்பதற்காக ஈரப் பஞ்சால் எல்லா இடத்தையும் நான் ஒத்தடம்போலத் தேய்த்திருந்தேன். சுட்டபின் என்ன செய்ய முடியும்?

அடுத்ததை மறுபடி அதே அம்மியில் பதித்தேன். இந்த முறை தோல்பதத்தில் இருக்கும்போதே எடுத்துப்போய்க் காட்டினேன். ஈரத்துணி சுற்றி, பாலித்தீனில் மூடிக் கொண்டுபோனால் இரண்டு நாள் தாங்கும். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இதில் எது இல்லை?" என்று கேளுங்கள்.

11. காயவைப்பது

அவசரத்தில் மண் பிளப்பது இங்கேதான். முதல் மூன்று நாள் பாலித்தீனால் தளர மூடி வையுங்கள், அடுத்த மூன்று நாள் துணியால், அதன்பின் திறந்த நிழலில். வெயில் கூடாது, மின்விசிறிக் காற்றும் கூடாது. ஓரங்கள் நடுவைவிட வேகமாகக் காயும் என்பதால் அங்கே மட்டும் ஈரத்துணிப் பட்டை சுற்றலாம். சிற்பத்தை மணல் தூவிய செய்தித்தாள்மேல் வையுங்கள். சுருங்கும்போது அடி நகர இடம் வேண்டும், பலகையில் ஒட்டிக்கொண்டால் இழுபட்டுப் பிளக்கும்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. இதைவிட நம்பகமான வழி தினமும் எடை போடுவது. தொடர்ந்து மூன்று நாள் எடை குறையாமல் இருந்தால் சுடலாம்.

12. சுடுவது

காற்றுக் குமிழ் இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். வெடிக்க வைப்பது ஈரம். உள்ளே மிஞ்சிய நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. எனவே தொடக்கச் சூடு மிக மெதுவாக ஏற வேண்டும். மின்சூளை என்றால் 100 டிகிரிக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு மணிக்கு 100 டிகிரியாக 600 வரை. 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும்; ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை வேகமாகக் கடக்கக் கூடாது. அதன்மேல் 900, 950 வரை ஏற்றலாம், மண் தாங்குமா என்று சோதனைப் பட்டை முன்பே சொல்லியிருக்கும்.

குயவரின் விறகுச் சூளையில் இந்த எண்களெல்லாம் இல்லை. அவருக்குப் புகையின் நிறமும் நெருப்பின் நிறமும் போதும். அங்கே உங்கள் வேலை ஒன்றுதான்: எது எங்கே அடுக்கப்பட வேண்டும் என்று அவர் சொல்வதைக் கேட்பது. சிற்பம் தீக்கு நேர் முகமாக இல்லாமல் பானைகளுக்கு நடுவே இருக்கட்டும்.

சூளை ஆறும்வரை திறக்காதீர்கள். கைபொறுக்கும் சூட்டில்தான் எடுக்க வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது.

13. மேற்பூச்சும் வைக்கும் இடமும்

வண்ணம் வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். தேய்மானத்தைக் காட்டத்தான் இவ்வளவும் செய்தோம். பளபளப்பு அதை மூடிவிடும். காய்ந்த துணியில் துளி தேன்மெழுகு தொட்டு, மேட்டில் மட்டும் தேயுங்கள். கருமை வேண்டுமென்றால் மூடிய தொட்டியில் உமியைப் புகையவிட்டு அதற்குள் இரண்டாம் முறை சுடலாம்.

வைக்கும் உயரத்தையும் வேலையின் பகுதியாக நினையுங்கள். அம்மியைச் சிலர் இடுப்பளவு மேசைமேல் வைத்து விளக்குப் போடுகிறார்கள். ஆச்சி தரையில் உட்கார்ந்து அரைத்தாள். சிற்பமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால், பார்ப்பவர் குனியவோ உட்காரவோ வேண்டியிருக்கும். உட்கார்ந்தால் கை தானாக மேட்டின்மேல் போகும். தொடக்கூடாது என்று பலகை வைக்காதீர்கள்.

கடைசியாக, அடிப்பக்கம் மண் இளக்கமாக இருந்தபோதே ஆண்டு, எந்த வீட்டுப் பொருள், எத்தனையாவது பதிவு என்று கீறியிருக்க வேண்டும். அசல் ஒருவர் பங்கில்தான் இருக்கும், பதிவுகளை எல்லார் வீட்டுக்கும் கொடுக்கலாம். எங்கள் அம்மியிலிருந்து இதுவரை நான்கு எடுத்தோம். ஒன்று பெரியம்மா வீட்டில், ஒன்று அம்மாவிடம், ஒன்று மாமா வீட்டுத் திண்ணையில், நான்காவது என்னிடம். அம்மி கொல்லைப்புறத்தில் அதே இடத்தில் கிடக்கிறது. சாம்பலைக் கழுவிவிட்டு அன்றைக்கே அதில் துவையல் அரைத்தார்கள்.